கிடா முயலை மாற்றிய வருசம்

நம் வயதுக்காரர்களில் பலர் வீட்டில் ஆடு இருந்திருக்கும், கோழி இருந்திருக்கும். கொஞ்சம் நிலம் உள்ளவர்கள் வீட்டில் மாடு இருந்திருக்கும். முயல் இருந்ததா என்று கேட்டால் யோசிப்பீர்கள். திருத்தங்கலில் எங்கள் வீட்டில் ஒரு வருசம் முயல் இருந்தது. முழு வருசம் கூட இல்லை, சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும். அறுபதுகளின் தொடக்கம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

இதை அக்கா இருந்தவரை நான் எழுத நினைத்ததில்லை. அவளும் போய் வருசம் திரும்பிவிட்டது. இனிமேல் யாருக்கும் இதனால் நோகாது.

அப்பா சிவகாசியில் ஓர் அச்சாபீசில் மெஷின் ஓட்டினார். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், வருசக் கடைசியில் காலண்டர். காலையில் சைக்கிளில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அன்றைக்கு எந்த நிறம் ஓடியதோ அது அவர் நகக்கண்ணில் இருக்கும். சிவப்பு ஓடிய நாளில் சோறு பிசைகிற கையைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் ஒட்டினார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அம்மாவின் விரலிடுக்கில் அந்த நீலம் போகவே போகாது. இப்படி எங்கள் வீட்டில் எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு நிறம் இருந்தது.

அக்கா கை மட்டும் அந்த வருசம் வெறுங்கையாக இருந்தது. அவளுக்கு இருபத்தொரு வயது. பதினேழில் சாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சேவுக் கடை. நாலு வருசமாகியும் பிள்ளை இல்லை. தை மாதம் அத்தான் அவளைக் கூட்டிவந்து விட்டார். "ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும், மாமா" என்றார். காப்பியைப் பாதி குடித்துவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடுதாசி வரவில்லை. மாசியும் போயிற்று, பங்குனியும் போயிற்று.

தெருவில் யாரும் நேரே கேட்கவில்லை. "மக வந்திருக்காளா?" என்று மட்டும் கேட்பார்கள், தினமும் புதிதாகக் கேட்பது போல. அக்கா முன்னறைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். புறவாசலில் வேப்பமரத்தடியில் துவைகல்லின் மேல் உட்கார்ந்திருப்பாள்.

சித்திரையில் ஒரு நாள் அப்பா சைக்கிள் கேரியரில் ஓர் ஓலைக் கூடையைக் கட்டிக்கொண்டு வந்தார். கூடைக்குள் ஏதோ சுரண்டுகிற சத்தம். திறந்தால் இரண்டு வெள்ளை முயல்கள். அவ்வளவு வெள்ளையாக ஓர் உயிரை நான் அதுவரை பார்த்ததில்லை. கண் இரண்டும் குன்றிமணிச் சிவப்பு.

"இருக்கிற கவலை போதாதுன்னு இது வேறயா?" என்றாள் அம்மா.

"சிவகாசியில நம்ம ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வளக்குறாரு. சோடியாத் தந்தாரு. பிள்ளைகளுக்குப் பொழுது போகும்ல" என்றார் அப்பா. பிள்ளைகள் என்று சொன்னாலும் அவர் அக்காவைத்தான் பார்த்தார்.

அக்கா கூடைக்குள் கையை விட்டுப் பெட்டையைத் தூக்கினாள். காதைப் பிடித்துத் தூக்கவில்லை. வயிற்றுக்கடியில் கை கொடுத்துக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினாள். "ஏ சின்னவளே, நெஞ்சு அடிக்கிறதைத் தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். விரலுக்குள் ஒரு தையல் மெஷின் ஓடுவது போல இருந்தது.

அச்சாபீசில் மை டின்கள் வந்த மரப்பெட்டிகளைக் கொண்டுவந்து, கோழிவலை அடித்து, அப்பா இரண்டு அறை வைத்த கூண்டு செய்தார். பள்ளிக்கூடம் விட்டதும் கண்மாய்க் கரையில் அறுகம்புல் அறுத்து வருவது என் வேலை. முருங்கைக் கீரையும் கல்யாணமுருங்கை இலையும் அக்கா பறித்துப் போடுவாள். முயல் இலை தின்கிற சத்தம் உங்களுக்குத் தெரியுமா? மெல்லிய காகிதத்தை யாரோ நிதானமாகக் கத்தரிப்பது போல இருக்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பாள். மூத்திர நாற்றம்தான் தாங்க முடியாது. தினமும் சாம்பல் போட்டுக் கழுவ வேண்டும். அக்கா முகம் சுளிக்காமல் கழுவினாள். வைகாசியில் அவள் கொஞ்சம் சிரிக்கவும் தொடங்கியிருந்தாள்.

முயல் என்றால் மாசத்துக்கு ஒரு ஈத்து என்று எல்லோரும் சொன்னார்கள். கிடாவையும் பெட்டையையும் ஒரே அறையில் விட்டுப் பார்த்தோம். வைகாசி போயிற்று, ஆனி, ஆடி, ஆவணியும் போயிற்று. ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு மதினி பெட்டி ஒட்ட வந்து உட்கார்ந்தால் கூண்டை எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "யாரு கையால தீனி திங்குதோ அதுவும் இருக்குல்ல, சித்தி" என்றாள். தாழ்த்திய குரல்தான். ஆனால் புறவாசல் எட்டடி தூரத்தில் இருந்தது.

மறுநாளிலிருந்து அக்கா, "நீயே போடு" என்று கீரையை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"பெட்டைதான் மலடா இருக்கும். கொண்டுபோயி மாத்திட்டு வாங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். சொன்னபிறகுதான் அக்கா பக்கத்தில் நிற்பதைக் கவனித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூடையை என் மடியில் வைத்தார். சிவகாசி போனோம். கம்பவுண்டர் வீட்டுக்குப் பின்னால் பத்துக் கூண்டு இருந்தது. அவர் பெட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவினார், பல்லைப் பார்த்தார், கிடாவையும் புரட்டிப் பார்த்தார்.

"பெட்டைக்கு ஒரு குறையும் இல்லய்யா. கிடாவுலதான் கோளாறு இருக்கும். வேற கிடா தாரேன், கொண்டு போங்க" என்றார். பிறகு முயலைக் கூடையில் விட்டுக்கொண்டே, "மகளுக்கு எத்தனை வருசமாச்சு?" என்று கேட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தாயி, நீ அங்கன போயி நில்லு." நான் நாலு கூண்டு தள்ளி நின்றேன். எல்லாம் கேட்டது.

"மாப்பிள்ளையையும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஆம்பிளைக்கும் பரிசோதனை உண்டு. நாங்க எத்தனை பேரைப் பாக்குறோம். பாதி இடத்துல பொம்பளை மேல பழி, குறை அவன்கிட்ட."

"அய்யா சொல்றது சரிதான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவுககிட்ட அதைக் கேக்க?" என்றார் அப்பா.

"மக வாழ்க்கையில்ல?"

அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளுக்கு வந்தார். திரும்பும்போது பாதி வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "கம்பவுண்டர் பேசினதை வீட்டுல சொல்லக் கூடாது. சரியா தாயி?" என்றார். என் அப்பா என்னிடம் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டினேன்.

புதுக் கிடா சாம்பல் திட்டு விழுந்தது, ஒரு காது நுனி கிழிந்தது. அழகே இல்லை. ஆனால் ஒரு மாதம் ஆகவில்லை, பெட்டை கூண்டு மூலையில் புல்லை வாயால் கவ்விக் கவ்விக் குவித்தது. பிறகு தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கி அதன்மேல் பரப்பியது. அக்கா மறுபடியும் கூண்டருகே வந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏ, பாரேன், தன் தோலையே உரிச்சு மெத்தை போடுது" என்றாள்.

ஏழு குட்டிகள். மயிர் இல்லாமல், கண் திறக்காமல், என் பெருவிரல் நீளத்துக்கு. மெத்தை மயிர் மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே குட்டிகள் இருப்பதற்கு அதுதான் அடையாளம்.

குட்டி போட்ட அன்று மத்தியானம் அம்மா, எதிர்வீட்டு மதினி, இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அன்றைக்கு லீவு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா புறவாசலிலிருந்து உள்ளே வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, சாதாரணமாகச் சொன்னாள்:

"கிடாவை மாத்தினதும் குட்டி போட்டுருச்சு பாத்தியாம்மா. பெட்டை மேல ஒரு குறையும் இல்ல."

பசை தடவுகிற கைகள் நின்றன. மதினி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். அம்மா எழுந்து வந்து அக்கா வாயைத் தன் நீலக் கையால் பொத்தினாள். "வாயை மூடுடி. வெளியே யாரும் கேட்டா என்ன நினைப்பாக? குடும்பத்துப் பிள்ளை பேசுற பேச்சா இது?"

அப்பா தட்டிலேயே கை கழுவினார். எழும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அக்கா தானாகக் கண்டுபிடித்ததுதான் அது. நாலு வருசமாக அவளுக்குள் இருந்த கேள்விக்கு அந்தக் கூண்டுக்கு முன்னால் பதில் கிடைத்திருந்தது. அவ்வளவு பேர் கேட்டும் ஒருவர் கூட அது சரிதானா என்று யோசிக்கவில்லை. அது கூச்சமில்லாத பேச்சா, அடக்கமான பேச்சா என்பதை மட்டும் பார்த்தார்கள்.

அந்த வாரமே சாத்தூரிலிருந்து கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சம்பந்தியம்மா வருகிறார்கள் என்று. நாங்கள் சாத்தூர் அத்தை என்போம், அக்காவின் மாமியார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கூப்பிடத்தான் வர்றாக" என்று வீட்டுக்கு வெள்ளையடித்தாள், பணியாரத்துக்கு அரிசி ஊறப் போட்டாள். அக்காவைத் தலை முழுகச் சொன்னாள். அக்கா எதிலும் மறுப்புச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். கூடப் படிக்கிற சினேகிதி ஒருத்தி குட்டியைப் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தாள். தொடக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். அக்கா குளிக்கப் போயிருந்த நேரத்தில் கூண்டைத் திறந்து, மெத்தைக்குள் கையை விட்டு, ஒரு குட்டியை எடுத்துப் பாவாடையில் வைத்துக்கொண்டேன். சினேகிதி கையில் கொடுத்தேன். அது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. பயந்து திரும்ப வைத்துவிட்டோம். பெட்டை கூண்டு மூலையில் நின்று பின்னங்காலால் பலகையை இரண்டு முறை ஓங்கி அடித்தது. அன்றைக்கு அடுத்த தெருவில் ஒரு கல்யாணமும் இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட்ட வேட்டில் எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாம் அதிர்ந்தது.

காலையில் அக்கா கூண்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். மெத்தை மயிர் அசையவில்லை. பெட்டையின் மோவாய் சிவந்திருந்தது. புல்லுக்கிடையில் ஒரு சின்னக் கால் மட்டும் கிடந்தது. நான் புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரமாயிற்று.

அந்த நேரத்தில்தான் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. அம்மா ஓடிப் போய், "வாங்க, வாங்க மதினி" என்று கூப்பிடுகிற சத்தம். பெட்டி இறக்குகிற சத்தம். சாத்தூர் அத்தை கால் கழுவ நேராகப் புறவாசலுக்கு வந்தார். தடுக்க அம்மாவுக்கு நேரமில்லை.

அத்தை கூண்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். செம்பை அப்படியே கல்லில் வைத்தார்.

"பெத்ததையே திங்கிற மூதேவியை வீட்டுல வச்சு வளக்குறீகளா? பெறகு எப்படி இவ வயித்துல தங்கும்?"

"அது தெரியாம நடந்துபோச்சு மதினி, வாயில்லாச் சீவன்..." என்றாள் அம்மா.

"நல்லது. நான் கண்ணால பாத்துட்டேன். இனிப் பேச என்ன இருக்கு?"

பணியாரம் அடுப்பில் கருகுகிற வாசனை வந்தது. அத்தை ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார். அக்கா எழுந்திருக்கவே இல்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நான்தான் தொட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

சாயங்காலம் அம்மா, "அந்தச் சனியன்களைக் கொண்டுபோயித் தொலைச்சாத்தான் நான் சோறு திம்பேன்" என்றாள். அப்பா இரண்டு முயல்களையும் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் போனார். கம்பவுண்டரிடம் திருப்பிக் கொடுக்க அவருக்கு முகமில்லை. வெறும் கூடையோடு வந்தார். "காட்டுல விட்டுட்டேன் தாயி. புல்லு நிறைய இருக்கு. நல்லா இருக்கும்" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஐப்பசி மழை பெய்து கரிசல் மண் கன்னங்கரேலென்று கிடந்த நேரம். அந்தக் கருப்பில் ஒரு வெள்ளை முயல் எத்தனை தூரத்துக்குத் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

என் கை பட்டதால்தான் எல்லாம் கெட்டது என்று நான் பல வருசம் நம்பினேன். முதல் ஈத்துப் பெட்டை மிரண்டால் தானாகவே அப்படிச் செய்யும், மனுசர் தொட்டதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்று ஒரு கால்நடை டாக்டர் பிற்பாடு சொன்னார். வேட்டுச் சத்தமாகவும் இருக்கலாம் என்றார். ஆனால் என் பாரம் இறங்கியது அதனால் இல்லை. நானே ஒரு வீட்டுக்குச் சம்பந்தியான பிறகு, ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. வண்டிக்காரர் இறக்கிய பெட்டி. அது அக்காவின் டிரங்குப் பெட்டி. சீராகக் கொடுத்து அனுப்பியது. அத்தை முயலைப் பார்ப்பதற்கு முன்பே அது எங்கள் வாசற்படியில் இறங்கிவிட்டது. உள்ளே அக்காவின் சேலைகள் எல்லாம் ஓரம் பிசகாமல் மடித்து, இடையிடையே வேப்பிலை போட்டு அடுக்கியிருந்தன. அவசரத்தில் அடுக்கியதல்ல. தீர்த்துவிடத்தான் வந்திருந்தார்கள். முயல் அவர்களுக்கு ஒரு சாக்காக அமைந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாகும்வரை முயலைத்தான் திட்டினார்கள். பெட்டியை யாரும் யோசிக்கவில்லை.

தை மாதம் நாலு பேரை வைத்துப் பேசி, உறவைத் தீர்த்துக்கொண்டதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அத்தானுக்கு வைகாசியில் வேறு கல்யாணம். அக்கா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். குச்சி அடுக்குகிற வேலை. அம்மா அழுதாள், அக்கா போனாள். முப்பது வருசம் போனாள். நடுவில் இரண்டு முறை பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு முறையும் அவளே வெளியே வந்து, வேண்டாம் என்று அமைதியாகச் சொல்லி அனுப்பினாள்.

நான் எட்டாவது படிக்கும்போது எதிர்வீட்டு மதினி ஒரு செய்தி கொண்டுவந்தாள். சாத்தூரில் புதிதாக வந்தவளுக்கும் பிள்ளை இல்லையாம். கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைகிறார்களாம். மண்சோறு தின்னச் சொல்கிறார்களாம். வெள்ளிக்கிழமை தவறாமல் இருக்கன்குடிக் கோயிலுக்கு வருகிறார்களாம். "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு மதினி அக்கா முகத்தைப் பார்த்தாள்.

அக்கா கேட்டது ஒன்றுதான். "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசாம்?"

"இருபது இருக்கும்."

அன்று சாயங்காலம் என்னால் அடக்க முடியவில்லை. கம்பவுண்டர் சொன்னதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் கொடியில் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த துணியை அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவள், "சொல்லியிருந்தாலும் யாரு கேட்டிருப்பா?" என்று தானே முடித்தாள்.

அப்பா வந்து சைக்கிளை நிறுத்தியதும், "கம்பவுண்டர் சொன்னது நெசமாப்பா?" என்று கேட்டாள். அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆமா தாயி" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதன்பிறகு அப்பா அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றாள். பஸ்ஸில் சாத்தூர் போய், அங்கிருந்து இருக்கன்குடி போனோம். எதற்கு என்று சொல்லவில்லை. ஆற்று மணலில் நல்ல கூட்டம். வெகுநேரம் ஒரு மரத்தடியில் நின்றோம். கடைசியில் சாத்தூர் அத்தையை அக்காதான் முதலில் பார்த்தாள். கூடவே மஞ்சள் சேலையில் ஒல்லியாக ஒரு பெண். ஈரத் தலை. சேலை முழுக்க மணல். வேண்டுதலுக்கு உருண்டு கொடுத்திருப்பாள் போல. அத்தை தேங்காய்த் தட்டோடு வரிசையில் போய் நின்றார். அந்தப் பெண் பைகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்தாள்.

அக்கா அவளிடம் போனாள். எதிரே உட்கார்ந்தாள்.

"உனக்கு முந்தி அந்த வீட்டுல இருந்தவ நான்."

அந்தப் பெண் பதறி எழுந்தாள். கண்கள் கோயில் வாசலைத் தேடின.

"உக்காரு. சண்டைக்கு வரல. உனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "குறை உன்கிட்ட இல்ல தாயி. என்கிட்டயும் இருந்திருக்காது. மதுரையில ஆம்பிளைக்கும் பாக்குறாகளாம். முடிஞ்சா கேட்டுப் பாரு. கேக்க முடியாட்டியும் பரவாயில்ல, உன் மனசுக்குள்ளயாவது தெரிஞ்சு வச்சுக்கோ. மண்ணுல உருளும்போது, நம்ம மேல குறைன்னு நினைச்சு உருளாதே."

அந்தப் பெண் அழவில்லை. மணலை விரலால் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டாள்:

"சாப்பிட்டீகளா அக்கா?"

அக்கா இல்லை என்று தலையசைத்தாள். அவள் பையைத் திறந்து, வாழையிலையில் கட்டியிருந்த புளிச்சோற்றை எடுத்து, பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். எனக்கும் ஒரு உருண்டை வந்தது.

கோயில் வாசலில் சாத்தூர் அத்தை வெளியே வருவதை நான் பார்த்துவிட்டேன். கையில் தேங்காய் மூடி, நெற்றி நிறைய குங்குமம், நேராக எங்களைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தார். "அக்கா, வர்றாக, போவோம்" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"இரு" என்றாள் அக்கா. "சாப்பிட்டு முடிச்சுக்கிறேன்."